காலிக் கட்டம்

மூன்று சாமான்களை மேசையில் வைத்தார்
ஷகிலா மிஸ்.
ஒன்று, எட்டுப் பொத்தான் வைத்த தடித்த பலகை,
கீழே போட்டாலும் உடையாதாம்.
ஒன்று, கண் போகும் இடத்தைப் பார்த்துப் பேசுவது.
விலையைக் கேட்டதும் சேவியர்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
மூன்றாவது சாதாரண டேப்லெட்,
உள்ளே கட்டம் கட்டமாய்ப் படங்கள்,
கைப்பிடி வைத்த நீல ரப்பர் உறை.

எப்சிக்கு நாலரை வயது.
அவள் முதலில் எடுத்தது
மிஸ்ஸுடைய சாவிக்கொத்தை.

பார்த்து வாங்கத் தெரிந்தவள்தான் நான்.
காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன்,
எம்.சி. ரோட்டில் துணியைக் கசக்கிப் பார்ப்பேன்.
ஒரு குரலை
எங்கே தூக்கி, எதைக் கசக்குவது?

அழுத்தினேன்.
"எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றாள்
உள்ளிருந்து ஒரு நாற்பது வயதுக்காரி,
ரயில் தாமதத்துக்கு வருந்துகிறவள் மாதிரி.
எங்கள் சந்தில் இப்படிக் கேட்டால்
தண்ணீருக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும்.

நீங்களே பதிவு பண்ணலாம் என்றார் மிஸ்.
என் குரலில் அவள் என்னைக் கேட்டால்
நானே என்னிடம் கேட்பது போல இருக்காதா?
மாடி வீட்டுப் பெர்லினைக் கூப்பிட்டோம்.
ஆறு வயது, முன்பல் ரெண்டு இல்லை,
கூலி ரெண்டு கடலை மிட்டாய்.
"தண்ணி. வோணும். வோணாம்."
"திருத்தமா சொல்லும்மா" என்றார் சேவியர்.
திருத்தமாகச் சொன்னாள்:
"வோ-ணாம்."

சீட்டைத் தள்ளி எடுத்ததில் நாலாயிரம் போனது.
இதைப் பழக்கிட்டா அப்புறம் வாயே தொறக்காது
என்றார் சேவியரின் அண்ணன்,
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

கேஸ் பில்லின் பின்பக்கம்
ராத்திரி உட்கார்ந்து எழுதினேன்:
இட்லி, பால், கக்கா, மருந்து, தூக்கம், காய்ச்சல்.
மிஸ் பாதியை அடித்துவிட்டார்.
"இதெல்லாம் உங்களுக்கு வேண்டிய வார்த்தைங்க."
இன்னும், போதும், இல்ல, வா, போ, ஏன் என்று
கடுகு தூவினாற்போல் எழுதிக் கொடுத்தார்.
எது இன்னும்? என்ன போதும்?
சோறு வைக்காத தட்டாகத் தெரிந்தது எனக்கு.
ரெண்டு கட்டத்தைக் காலியாகவே விட்டார்.
இருக்கட்டும் என்றார்.

நேற்று கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
எப்சி என் இடுப்பில்,
அது அவள் கழுத்தில் வாரோடு.
கூட்ஸ் வந்தது.
ஷேர் ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டு
ரயிலைத் திட்டினார், ரயில் விட்டவனைத் திட்டினார்,
தண்டவாளத்தை இங்கே போட்டவனின் தாத்தாவையும்.
சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி, துருவேறிய ஒன்று.
அப்பா ஓட்டும் வண்டியில் ஏறுகிற மாதிரிப் பெட்டிகள்
அவளுக்கு மட்டும் சும்மா போய்க்கொண்டே இருந்தன.
கடைசிப் பெட்டி தெரிந்ததும்
எல்லோரும் கிக்கரை உதைத்தார்கள்.
அந்தச் சத்தத்துக்கு நடுவே
பல்லில்லாத குரல் ஒன்று:
"இன்னும்."

திரும்பிப் பார்த்தார்கள்.
"இன்னும். இன்னும்."

அந்த கேட்டில் ரயிலை இன்னும் கேட்ட ஆள்
இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.
"நீ ஒருத்தி போதும் தாயி" என்று
ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார்.

இட்லி கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.
ரயிலுக்கு நான் எங்கே போவேன்?
"போச்சு" என்று சொல்லி
போச்சுக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன்.
என் விரலைத் தள்ளிவிட்டாள்.
தண்டவாளத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
பிறகு, யோசித்து,
காலிக் கட்டத்தை அழுத்தினாள்.

சத்தம் வரவில்லை.
இன்னும் கொஞ்சம் அழுத்தமாக அழுத்தினாள்.
பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

சாயங்காலம் பெர்லினைக் கூப்பிட வேண்டும்.
கடலை மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன்.
என்ன சொல்லச் சொல்வது என்றுதான்
தெரியவில்லை.